எட்டாவது வால்வு

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி ரோடு ஊரை விட்டுக் கிளம்பும் இடத்தில், திலகமணி பட்டறை எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் ஒரு பழைய அம்பாசடரோ ஃபியட்டோ எப்போதும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதைப் பார்த்து ஆட்கள் வந்து சேர்வார்கள்.

அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு சீடரை அண்ணா என்பாள். சீடர் குருவை அம்மிணி என்பார். கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

சீடர் பெயர் ராக்கியப்பன். தலை நரைக்கும்வரை நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடியதும் கொஞ்ச காலம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள் அவர் மனைவி மரகதம்தான் சொன்னாள்.

"மெஷின் புடிச்ச கை சும்மா கெடந்தா துருப்புடிச்சுக்கும். திலகமணி பட்டறையில போயி வண்டி வேலை கத்துக்கங்க. ஊட்டை நான் பாத்துக்கறேன்."

"இந்த வயசுலயா?"

"வயசுக்கென்னங்க. கல்யாணமா பண்ணப் போறீங்க?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

மரகதம் அதற்குள் கிழங்கு மண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊட்டி உருளைக்கிழங்கு லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். கொட்டி, அழுகலைப் பொறுக்கி, பெரிசு சிறிசு பிரித்து, மறுபடி மூட்டை பிடிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே வேலை. விடிவதற்கு முன்னால் சோறு ஆக்கி, அவருக்குத் தூக்குப்போசியில் கட்டி வைத்துவிட்டுப் போவாள். பொழுதோடு திரும்பி வரும்போது நகக்கண்ணெல்லாம் மலை மண் ஏறியிருக்கும்.

பட்டறைக்கு வந்த முதல் நாள் ராக்கியப்பன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கூட்டிப் பெருக்கற சோலி ஏதாச்சும் இருந்தாக் குடுங்க அம்மிணி."

"கூட்டறதுக்கு எனக்கே கை இருக்குதுங்ணா. கத்துக்கறதா இருந்தா உள்ள வாங்க," என்றாள் திலகமணி.

உள்ளே வந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

திலகமணியிடம் ஒரு குணம் உண்டு. கேள்வி கேட்டால் அவள் வாயிலிருந்து பதில் வராது, கையிலிருந்து ஸ்பேனர் வரும். பிரேக் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று ஒருநாள் கேட்டார். சக்கரத்தைக் கழட்டச் சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போய்விட்டாள். மனுசனுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவள் டீ குடித்துத் திரும்புவதற்குள் காரணம் அவருக்கே தெரிந்துவிட்டது. அதிலிருந்து அவர் எரிச்சல்படுவதை விட்டுவிட்டார். கேள்வி கேட்பதை விடவில்லை.

வேலை ஒரு மாதிரி பிடிபட்டுக்கொண்டுதான் வந்தது. சோறுதான் தொண்டையில் இறங்கவில்லை. மதியம் தூக்குப்போசியைத் திறக்கும்போதெல்லாம் மரகதத்தின் குனிந்த முதுகு கண்முன்னால் வந்து நிற்கும். பொண்டாட்டி மூட்டை பிடிக்கிறாள், புருசன் பள்ளிக்கூடம் போகிறான் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார். பாதியை நாய்க்குப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

ஊரும் சும்மா இருக்குமா? டீக்கடை பெஞ்சில் ஒருத்தன், "ஏனுங், பள்ளிக்கூடம் விட்டாச்சுங்களா?" என்று கேட்பான். ராக்கியப்பன் சிரித்து வைப்பார். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு கசந்துபோயிருக்கும்.

கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். மலை ரோட்டில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்திருந்தது. ஒருநாள் விடிந்ததும் அங்கே போய் வாட்ச்மேன் வேலை கேட்டார். ஆளைப் பார்த்ததும் சூப்பர்வைசருக்குப் பிடித்துப்போனது.

"நாளைக்கே வந்துடுங்க. தங்க எடம் உண்டு, உடுப்பு உண்டு. ஆனா இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வர்றேன் இல்லை வரலைன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லிடணும். சொல்லலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."

மரகதத்திடம் அவர் மூச்சு விடவில்லை. திலகமணியிடமும் சொல்லவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வழக்கம்போலப் பட்டறைக்கு வந்தார். இன்றைக்கு ஒருநாள் வேலை செய்துவிட்டு, மதியத்துக்கு மேல் போன் பண்ணி வர்றேன் என்று சொல்லிவிடலாம் என்று எண்ணம்.

அன்றைக்கு வாசலில் நின்றது ஒரு மார்க் டூ அம்பாசடர். கோத்தகிரியில் பேக்கரி வைத்திருப்பவருடையது. தாத்தா காலத்து வண்டி, பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார். "ஏத்தத்துல மூச்சு வாங்குது. டேப்பட் வேற அடிக்குது. பொழுதோட வந்து எடுத்துக்கறேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருந்தார்.

திலகமணி பானெட்டைத் தூக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ராக்கியப்பன் பக்கத்தில் நின்றார். ரொம்ப நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. நாளைக்கு வரப்போவதில்லை, இனி எப்போது கேட்பது.

"அம்மிணி, ஒருத்தர் பாடுபட, இன்னொருத்தர் சும்மா இருக்கறது நியாயமுங்களா?"

திலகமணி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். எஞ்சினை அணைத்தாள்.

"டேப்பட் மூடியைக் கழட்டுங்ணா."

"நானுங்களா?"

"நீங்கதான். எட்டு வால்வும் இன்னைக்கு உங்க கையி. நான் போயி மூடிக்கு வெக்கற கார்க் பேக்கிங் வாங்கிட்டு வந்தர்றேன்."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதுநாள்வரை அவள் டேப்பட் வைக்கும்போது இவர் எதிர்ப்பக்கம் நின்று விளக்குப் பிடித்ததோடு சரி. ராக்கியப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

மூடியைக் கழட்டினார். உள்ளே எட்டு வால்வு வரிசையாக நின்றது. எஞ்சின் மூச்சு வாங்கி மூச்சு விடுகிற எட்டுக் கதவு அவை. ஒவ்வொன்றையும் மூடிப் பிடிக்க ஒரு முரட்டு ஸ்பிரிங். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ராக்கர் என்று ஒரு குட்டி நெம்புகோல். ராக்கர் அமுக்கினால் கதவு திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அதிகமானால் தட்டும், குறைந்தால் கதவு சரியாக மூடாது; இந்த இடைவெளியைச் சரி செய்வதைத்தான் டேப்பட் வைப்பது என்பார்கள். அளந்து பார்க்க ஒரு மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது, கேஜ் என்பார்கள். தகடு உள்ளே போய், லேசாகப் பிடித்து, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் சரி.

ராக்கியப்பன் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒன்றாம் நம்பர். அதையே உற்றுப் பார்த்தார். தகடு போகவில்லை, திருகைத் தளர்த்தி நுழைத்து இறுக்கினார். அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று. எது எதிரே இருந்ததோ அதை மட்டும் பார்த்தார். நெற்றியைத் துடைக்கக்கூட நிமிரவில்லை. இத்தனை கவனமாக ஒரு வேலையை அவர் சமீபத்தில் செய்ததே இல்லை.

எட்டும் முடிந்தது. மூடியை மேலே வைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

இட்லிக் கொப்பரை மூடி குதிப்பது போல எஞ்சின் தடதடவென்று தட்டியது. காலையில் தட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கியது. தெருமுனையில் திரும்பிய திலகமணிக்கு அங்கிருந்தே கேட்டுவிட்டது.

"அணைச்சுடுங்ணா."

ராக்கியப்பன் இறங்கினார். முகம் செத்துப்போயிருந்தது.

"எல்லாத்துக்கும் கேஜ் போட்டுத்தான் வெச்சேன் அம்மிணி. ஒண்ணு விடலை."

"தெரியுதுங்ணா. ஒண்ணாம் நம்பரை வெக்கறப்ப எதைப் பாத்தீங்க?"

"ஒண்ணைத்தான்."

"ரெண்டை வெக்கறப்ப?"

"ரெண்டை. வேற எதைப் பாக்கறதுங்க?"

திலகமணி வண்டியின் மேல் சாய்ந்துகொண்டாள். "மில்லுலயும் இப்படித்தானுங்களா?"

"பின்ன? அவனவன் மெஷினை அவனவன் பாக்கோணும். பக்கத்து மெஷினை ஏறெடுத்துப் பாத்தாப் போதும், மேஸ்திரி முதுகுக்குப் பின்னால வந்து நிப்பாரு. நான் ஒருநாளும் பாத்ததில்லீங்க. ராக்கியப்பன் தலையைத் திருப்ப மாட்டான்னு மில்லு பூராவும் பேரு."

சொல்லும்போது பழைய பெருமை குரலில் எட்டிப் பார்த்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர் ஓரமாகக் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு இது வராதுங்க அம்மிணி. நாளையிலருந்து நான் வரலை."

வாட்ச்மேன் வேலையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"அவ கெழங்கு மூட்டை புடிக்கறா. நான் இங்க நட்டுத் திருகி வெளையாடிட்டு இருக்கறேன். அவ முதுகு நோகறது எனக்குத் தெரியாதுங்களா? ராத்திரி திரும்பிப் படுக்கறப்ப மொனகறா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. என்னைப் பாத்தா எனக்கே ஆகலைங்க."

கண் கலங்கியதை மறைக்க அவர் முயலவில்லை. திலகமணி போகாதீர்கள் என்று சொல்லுவாள் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கும் போல. அவள் அதைச் சொல்லாதது சுருக்கென்று தைத்தது.

"போறதுன்னாப் போங்ணா," என்றாள். "ஆனா அரைகுறையா விட்டுட்டுப் போகாதீங்க. இந்த எட்டையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"அதுதான் வரலைங்கறனே."

"வாங்க."

எஞ்சின் லேசாகச் சுற்றட்டும் என்று அவள் பிளக்குகளைக் கழட்டி ஒரு துணிமேல் வைத்தாள். அந்தக் காலத்து அம்பாசடருக்கு முன்பக்கம் ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றலாம். ஹேண்டிலை நுழைத்து அவளே குனிந்தாள்.

"நான் சுத்தறேன், குடுங்க," என்று பதறினார் ராக்கியப்பன்.

"நான் சுத்தறேன். நீங்க பாருங்க."

"எதைங்க?"

"எட்டை. எட்டை மட்டும் பாருங்க. முழுசா அமுங்குனதும் சொல்லுங்க."

எட்டாம் நம்பர் கடைசியில், கண்ணாடிப் பக்கமாக இருந்தது. அவள் சுற்றச் சுற்ற அதன் ராக்கர் மெல்ல இறங்கியது. ஸ்பிரிங் சுருங்கியது. இன்னும் சுருங்கியது. சுருள் ஒன்றோடொன்று நெருங்கி வந்தது.

"நிறுத்துங்க. இதுக்கு மேல அமுங்காது."

"எப்படி இருக்குது?"

"பாவமுங்க. அத்தனை பாரமும் அது தலையில இருக்குது."

"இப்ப இங்க வந்து ஒண்ணைத் தொட்டுப் பாருங்க."

ராக்கியப்பன் முன்பக்கம் வந்து ஒன்றாம் ராக்கரை விரலால் அசைத்தார். டிக் டிக்கென்று லேசாக ஆடியது.

"இது சும்மா இருக்குதுங்க."

"அரைகுறையாச் சும்மா இருக்குதா, முழுசாச் சும்மா இருக்குதா?"

அவர் மறுபடி அசைத்துப் பார்த்தார். "முழுசாத்தானுங்க. துளி பாரமில்லை."

"காத்தால நீங்க வெச்சப்ப?"

ராக்கியப்பன் யோசித்தார். காலையில் ஒன்றாம் நம்பர் இப்படி இல்லை. பாரத்தை வாங்கப் போகிற நேரமோ, இறக்கி வைத்துக்கொண்டிருந்த நேரமோ, ஏதோ ஒன்று. அந்த நேரத்தில்தான் திருகைத் திருகி அளவு வைத்திருக்கிறார். அதனால்தான் ஓடும்போது அத்தனையும் தட்டியிருக்கிறது.

"காத்தால இது ஓயவே இல்லீங்க," என்றார்.

"எட்டு முழுசா அமுங்குனாத்தானுங்ணா ஒண்ணு முழுசா ஓயும். அப்பத்தான் அதுல கை வெக்க முடியும். இப்ப வெய்யுங்க."

வைத்தார். தகடு உள்ளே போனது, பிடித்தது, வழுக்கிக்கொண்டு வந்தது. இடைவெளி சரியாக நின்றுவிட்டது.

"மூணு வெக்கணும்னா ஆறைப் பாருங்க. அஞ்சுக்கு நாலு. ரெண்டுக்கு ஏழு. எந்த ஜோடியைக் கூட்டுனாலும் ஒன்பது வரும். எதைச் சரி பண்ணறீங்களோ அதுக்கு மொதல்ல அதோட ஜோடியைப் பாக்கோணும். அவ்வளவுதான் கணக்கு."

அவள் குனிந்து சுற்றினாள். ஆறு அமுங்கியது, மூன்றைச் சரி செய்தார். நாலு அமுங்கியது, ஐந்தைச் சரி செய்தார். ஏழு அமுங்கியது, இரண்டைச் சரி செய்தார். ரோட்டில் மலை ஏறும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அடுத்தது எதுங்ணா?"

"எட்டுங்க."

"எதைப் பாக்கோணும்?"

ராக்கியப்பன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "ஒண்ணை."

சற்று முன்னால் அவர் கையால் சரி செய்த அதே ஒன்று. இப்போது அது மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. அதன் ஸ்பிரிங் சுருங்கியது. கடைசிவரை அமுங்கி அப்படியே நின்றது. அவர் பின்பக்கம் நகர்ந்து எட்டாம் ராக்கரின் மேல் விரலை வைத்தார்.

எட்டு லேசாக ஆடியது. அதன் மேல் இப்போது எந்தப் பாரமும் இல்லை.

ராக்கியப்பன் விரலை எடுக்கவில்லை. தகடு இன்னொரு கையில் அப்படியே இருந்தது.

"என்னாச்சுங்ணா?" ஹேண்டிலைப் பிடித்தபடியே திலகமணி கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி."

மற்றவற்றுக்கு ஒரு தடவை தகடு விட்டுப் பார்த்தவர், எட்டுக்கு மட்டும் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தார். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். திலகமணி அவசரப்படுத்தவில்லை. முதுகு வலித்திருக்கும், ஆனால் ஹேண்டிலை விடவில்லை. அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குச் சுற்றினாள். மிச்சம் இருந்த மூன்றும் அதே கணக்கில் முடிந்தன.

பிளக்கை மாட்டி, புதுப் பேக்கிங் வைத்து மூடி, ஸ்டார்ட் செய்தார்கள். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. டேப்பட் சத்தம் காது கொடுத்துக் கேட்டால் மட்டும் கேட்கிற அளவுக்கு மெல்லிசாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ராக்கியப்பன் கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்கு வெளியே போனார். பையிலிருந்து போனை எடுத்தார்.

"சார், ராக்கியப்பன் பேசறேனுங்க. வேலைக்கு நான் வரலீங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"அட, அதைத்தான் காத்தாலயே உங்க வீட்டுல சொல்லிட்டாங்களே," என்றார் சூப்பர்வைசர்.

"என்ற வீட்டுலயா? யாருங்க?"

"உங்க சம்சாரம்தான். ரிசார்ட் சமையலுக்குக் கெழங்கு எடுக்க மண்டிக்குப் போயிருந்தேன். உங்க சம்சாரம்னு தெரிஞ்சதும் பேச்சுவாக்குல, உங்க வீட்டுக்காரரு நாளைக்கு நம்மகிட்ட சேர்றாருன்னு சொன்னேன். அந்தம்மா கையில இருந்த கூடையைக் கீழ வெச்சுட்டாங்க. அவரு கத்துக்கிட்டு இருக்காருங்க, பாதிச் சாப்பாட்டுல ஆளை எழுப்பாதீங்கன்னுட்டாங்க. நான் அப்பவே வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்."

பேச்சு முடிந்தும் ராக்கியப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். தான் ஒளித்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு போன் போட்டு ஏன் என்று கேட்கவில்லை. கூடையைக் கீழே வைத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுபடி கூடையை எடுத்திருப்பாள். இத்தனை நாள் அவள் கட்டிக்கொடுத்த சோற்றை வெட்கத்தோடு தின்றாரே ஒழிய, ஒருநாளாவது நன்றியோடு தின்றதுண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை. ஒருநாள்கூட இல்லை.

உள்ளே வந்து தூக்குப்போசியைத் திறந்தார். புளிச்சோறு. ஓரத்தில் குட்டிக் குட்டிக் கிழங்கு வறுவல். மண்டியில் விலைபோகாத பொடிக் கிழங்கைப் பொறுக்கி வந்து தோலோடு வறுத்திருந்தாள். அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வாசலில் காத்திருந்த நாய் வாலை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"இன்னைக்கு நாய்க்குப் பட்டினியா?" என்றாள் திலகமணி.

"அதுக்குப் பன்னு வாங்கிப் போடறேனுங்க. இது என்ற சோறு."

வெயில் தாழ்ந்தது. ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் திலகமணி கொடுப்பதில்லை. பட்டறைக்கு வந்த பிறகு ஓட்டப் பழகியிருந்த ராக்கியப்பன் பக்கம் அவள் சாவியை நீட்டினாள்.

"எடுங்ணா. ஏத்தத்துல ஓட்டிப் பாத்துட்டு வந்தர்லாம்."

"மண்டி வழியாப் போலாமுங்களா அம்மிணி? அவ வர்ற நேரந்தான்."

"போங்க. பின்னால ஆளு இருந்தாத்தான் வண்டி இழுக்கறது தெரியும்."

மண்டி வாசலில் பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மரகதம் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு கடைசியாக வந்தாள். பக்கத்தில் அம்பாசடர் வந்து நின்றதும் ஒதுங்கி நின்றாள். அப்புறம்தான் ஸ்டியரிங் பிடித்திருப்பது யாரென்று பார்த்தாள்.

"யாரு வண்டிங்க இது?"

"ஏறு."

"காலெல்லாம் மண்ணுங்க."

"மண்ணு தொடச்சாப் போயிருமுங்கக்கா," என்றாள் முன்சீட்டிலிருந்த திலகமணி. "பாரம் வெச்சு ஓட்டிப் பாக்கோணும். சும்மா ஏறுங்க."

மரகதம் ஏறினாள். சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கோத்தகிரி ரோட்டில் திரும்பியது.

"சூப்பர்வைசர்கிட்டப் பேசுனேன்," என்றார் ராக்கியப்பன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"வரலைன்னு சொல்றதுக்குக் கூப்பிட்டேன். நீயே சொல்லிட்டியாமா."

"சொல்லாம? உங்க கையில டார்ச்சைக் குடுத்து ராத்திரியெல்லாம் நடக்க வெக்கறதுக்கா நான் மூட்டை புடிக்கறேன்?" அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?"

"டேப்பட். எட்டும் நானே வெச்சேன்."

"ஓடுதுங்களா?"

"இப்ப நீ உக்காந்திருக்கறது அதுலதான்."

மரகதம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள், வண்டி நிஜமாகவே ஓடுகிறதா என்று பார்ப்பது போல. அப்புறம் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்பாசடரின் பின்சீட்டு அகலமானது. பழைய மெத்தை, நன்றாக அமிழும்.

முதல் வளைவில் ஏற்றம் தொடங்கியது. எஞ்சின் திணறவில்லை. இரண்டாவது வளைவிலும் அதே ஓட்டம். திலகமணி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, போதும் என்று கையைக் காட்டினாள். ராக்கியப்பன் அகலமான இடம் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

இறங்கும்போது அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர்கள் வீட்டில் நன்றி என்ற வார்த்தை யாரும் யாருக்கும் சொல்லிக்கொண்டதில்லை. எப்படித் தொடங்குவது என்று வாயில் உருட்டிப் பார்த்தார்.

"மரகதம், இத்தனை நாளா நீ..."

பதில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தார். அவள் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மண் அப்பிய கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. பகல் வெளிச்சத்தில் அவள் தூங்கி அவர் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று.

ராக்கியப்பன் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, பிரேக்கைப் பொத்தினாற்போல மிதித்து ஓட்டினார். தெரு வந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். எஞ்சின் மெல்லிசாக டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வீடு வந்துருச்சுங்க அம்மிணி. எழுப்பட்டுங்களா?"

திலகமணி திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"எட்டு இப்பத்தானுங்ணா ஓய்ஞ்சிருக்குது," என்றாள். "இன்னொரு சுத்துப் போங்க."